ஓய்வுநாளை மீறியது யார், எஸ்தர்?

என் எஸ்தர் குட்டிக்கு,

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். அவர்கள் வாய்க்குள்ளேயே வைத்திருப்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நீ வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். போன வாரம் கயத்தாறு பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். கரி படிந்திருந்த பின்சுவர் பளிச்சென்று இருக்கிறது. வாசலில் மாவிலைத் தோரணம் வேறு. பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைதான் உனக்குத் தெரியும். லாரி நிற்கிறது, சரக்கு போயாக வேண்டும், இன்றைக்கு வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்று முதலாளி வீடு வீடாக ஆள் அனுப்பினார். ஆராதனைக்கு எடுத்து வைத்திருந்த சேலையை மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டு நீ போனாயாம். அம்மா சொன்னாள். வேலை முடியாமல் யாரும் நழுவிவிடக் கூடாதென்று பின்வாசலைப் பூட்டிவிட்டார்கள். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் காய்ந்த அறையில் தீப்பிடித்தபோது முன்பக்கம் இருந்தவர்கள் தப்பினார்கள். பின்பக்கம் இருந்த நீங்கள் அந்தக் கதவுக்கு ஓடினீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

உனக்கு நினைவு ஆராதனை வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். முன்வரிசையில் முதலாளி, வெள்ளை வேட்டியில், கைகட்டி உட்கார்ந்திருந்தார். நம் ஆலயத்துக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே. அந்த மைக்கில்தான் பிரசங்கியார் பேசினார்.

"ஓய்வுநாளைப் பரிசுத்தமா ஆசரிக்கச் சொல்லியிருக்கு. நம்ம சகோதரி அன்னைக்கு இந்த ஆலயத்துல இருந்திருந்தா, இன்னைக்கு நம்மகூட இருந்திருப்பா. இது நமக்கெல்லாம் ஒரு எச்சரிப்பு."

முதலாளி தலையை ஆட்டினார். என் பக்கத்தில் அம்மா முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். வேதாகமக் கல்லூரியில் நான் எபிரேயமும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்து என்ன பயன், அம்மாவை இப்படிக் கேட்க விட்டுவிட்டால்? நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, அந்தக் கட்டளைய முழுசா வாசிங்க."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "சபையில ஸ்திரீகள் பேசாம இருக்கணும்னு அப்போஸ்தலன் எழுதியிருக்காரு. உக்காருங்கம்மா."

"அதே நிருபத்துலதான், ஸ்திரீகள் சபையில ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலைய மூடிக்கிடணும்னும் எழுதியிருக்கு. பேசாதவளுக்கு எதுக்கு முக்காடு? நான் மூடியிருக்கேன். பேசுதேன்."

நீ இருந்திருந்தால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பாய். உன் பெயர் கொண்ட வேதாகமப் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்று ஒருநாள் நான் சொன்னபோது, "அதனால என்னக்கா, என் பேரு இருக்குல்லா" என்றவள் அல்லவா நீ?

அவர் வாசிக்கவில்லை. நானே சொன்னேன். நீயும், உன் மகனும் மகளும், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் மாடும்கூட அன்று வேலை செய்யக் கூடாது. யாரைப் பார்த்துச் சொன்னது இது? வேலைக்காரியைப் பார்த்தா, வேலை வாங்குகிறவனைப் பார்த்தா? எகிப்தில் நீ அடிமையாய் இருந்ததை மறந்துவிடாதே, உன் அடிமையை இளைப்பாற விடு என்பதல்லவா அதற்குச் சொன்ன காரணம்? செங்கல் சுமந்த சனத்துக்குக் கிடைத்த ஒருநாள் விடுதலையை எடுத்து, குச்சி அடுக்கிய பெண்ணின் தலையில் போடுகிறீர்களே என்று கேட்டேன்.

"முதலாளி நம்ம மார்க்கத்தார் இல்ல. மோசே சட்டம் அவியளக் கட்டாது" என்றார் சபை மூப்பர் ஒருவர்.

"சரி, வேலை நடக்கையில கதவத் தொறந்து வைக்கணும்ங்கிற நாட்டுச் சட்டமாவது கட்டுமா?"

மைக்கை யாரோ அணைத்தார்கள். அவசர அவசரமாக ஆசீர்வாதம் கூறி ஆராதனையை முடித்துவிட்டார்கள். அதன் பிறகு நம் ஆலயத்தில் எனக்குப் பேச அனுமதி இல்லை. போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குச் சோறு போட்டேன். சோற்றைப் பிசைந்தவள் அப்படியே விட்டுவிட்டாள்.

"ஏட்டி, மெய்யாச் சொல்லு. அவ மீறுனதுக்குத்தான் தண்டனையா? படிச்சவிய சொல்லுதாவளே."

சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து சனங்கள் செத்த கதையை அவளுக்குச் சொன்னேன். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லவே இல்லை என்று இயேசு சொன்னதைச் சொன்னேன். லூக்கா ஒருவர்தான் அதை எழுதி வைத்திருக்கிறார். கோபுரத்தைக் கட்டியது யார், ஏன் இடிந்தது என்று அவரும் எழுதவில்லை. வருஷக்கணக்காக அந்தப் பகுதியை வகுப்பில் நடத்துகிறேன், எஸ்தர். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது.

அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப எம்பிள்ள மேல தப்பு இல்ல?"

"இல்லம்மா."

"அப்ப நாம ஏன் வாயப் பொத்திக்கிட்டு இருக்கோம்?"

கோவில்பட்டியில் விசாரணை நடந்தது. தப்பித்த பெண்கள் எல்லாரும் 'கதவைக் கவனிக்கவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டாமா? அம்மா உள்ளே போய் அதிகாரிமுன் உட்கார்ந்தாள். "என் பிள்ளைய எந்தக் கதவுகிட்ட கண்டெடுத்தாவன்னு கேளுங்கய்யா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே நின்ற உன் சிநேகிதி முத்துலட்சுமி அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். "பொறவாசலப் பூட்டச் சொன்னது முதலாளிதான்யா. நான் என் காதால கேட்டேன்" என்றாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். வழக்கு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. முத்துலட்சுமிக்கு எந்தத் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை இல்லை. எட்டயபுரம் ரோட்டில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள்.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தால் கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. நேற்று உனக்குக் கல் நட்டோம். கல்லை வெட்டக் கொடுத்த அன்றைக்கு, அதில் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று வெட்டலாம் என்றார் மூப்பர். அது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் வாயால் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை என்று சண்டைபோட நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா கல்தச்சரிடம் சொல்லிவிட்டாள்.

"கொடுத்தாருன்னு மட்டும் வெட்டுங்க. எடுத்தது அவரு இல்ல."

அப்படியே வெட்டியிருக்கிறது, எஸ்தர்.

வாய்தா தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. எத்தனை முறை தள்ளினாலும் அம்மாவோடு நான் அங்கே இருப்பேன். என் வகுப்பில் அந்தக் கட்டளையை நடத்தும் ஒவ்வொரு முறையும் உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
லில்லி அக்காள்