பதினோராம் ஆளின் தூக்கம்

12 மே 1986, காரிமங்கலம்

நோன்பு தொடங்கி இரண்டு நாள்தான். அதற்குள் வெயில் கொல்கிறது. தூக்க ஆராய்ச்சிப் பயிற்சியில் என் முதல் வேலை இது. இரவில் லாரி ஓட்டுகிறவர்களை இந்த வாடகை வீட்டில் பகலில் படுக்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, தூக்கத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இன்று பதினோராவது ஆள், குப்புராஜ். பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஓட்டுகிறவர். படுத்ததும் குறட்டை. பிறகு சத்தமில்லை. மூச்சும் இல்லை. நாற்பத்தெட்டு வினாடி! எழுப்பப் போனேன், அதற்குள் தானே திணறி மூச்சு வாங்கினார். மூன்று மணி நேரத்தில் நூறு தடவைக்கு மேல் இப்படி; தூங்கியும் தூங்காத கணக்குதான்.

எழுந்ததும் கேட்டார்: "நல்லாத் தூங்குனனுங்களா, டாக்டரம்மா? வண்டியில கண்ணு சொருகுதுங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

13 மே

பெங்களூருக்கு ட்ரங்க் கால் போட்டேன். பயிற்சியை நடத்தும் பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம்.

"இப்படி ஒரு கேஸ் நம்ம பக்கம் யாரும் எழுதல, நசீம். இன்னும் நாலு பதிவு எடு. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னாவது சொல்லட்டுமா சார்?"

"சொன்னா அப்புறம் வருவானா? உன் இடத்துக்கு எத்தனை பேர் காத்திருக்காங்க, தெரியுமில்ல?"

20 மே

மூன்றாவது பதிவு. சொல்லவில்லை.

23 மே

குப்புராஜ் வரவில்லை.

24 மே

தொப்பூர் இறக்கத்தில் லாரி பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாராம். ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லையாம்.

எனக்குத் தெரியுமே. ஒரு வார்த்தைதானே — ஏன் சொல்லல நான்?

2 ஜூன்

அவர் மனைவி தீர்த்தம்மாள் வந்தார்.

"குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு ஊரே பேசுதுங்க. மாமனாரே அப்படித்தான் சொல்றாரு. அவரு தொட்டதே இல்லீங்க. தூக்கத்துல ஏதோ கோளாறு இருந்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கம்மா."

பதிவுத் தாள்கள் பக்கத்து அறையில்தான் இருந்தன. எழுதிக் கொடுத்தால், தெரிந்தும் சொல்லாதவள் ஆவேன்.

"ஒண்ணும் தெரியலைங்க. நல்லாத்தான் தூங்கினார்." நோன்பு வைத்த வாயால் சொன்னேன்.

வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்ப குடிச்சுத்தான் இருந்திருப்பாருங்களா?"

நான் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

14 டிசம்பர், மெட்ராஸ்

இளம் ஆராய்ச்சியாளர் மாநாடு. கட்டுரையை நான்தான் படித்தேன். மூச்சு நின்ற இடங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்: "அந்த நோயாளி இப்ப எப்படி இருக்கார்?"

பேராசிரியர் தன் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தொடர்பு விட்டுப்போச்சு சார்" என்றேன். பெரியவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

மாலையில் முதல் பரிசுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.