பெட்டி ரயிலேறிய பிறகு

அன்பு மகள் பாரதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான்.

அப்பா லாரி ஓட்டும் கம்பெனியில் ஷூ ஏற்றிய கண்டெய்னர்களை இப்போது ரயிலில் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். லாரிக்கு ஃபேக்டரியிலிருந்து ரயில் யார்டு வரைக்கும்தான் வேலை, அங்கே கிரேன் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிடும், அப்பா சாயந்திரமே வீடு திரும்பிவிடுவார். கேட்டதும் நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். போன வருஷம் ஆற்காட்டுக்கு முன்னால் அவர் தோஸ்த் சமத் பாய் ஓட்டிய லாரி, நின்றிருந்த லாரி மேல் மோதியதும், பின்னால் வந்த அப்பா அவரைக் கேபினிலிருந்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டதும், அங்கேயே அவர் உயிர் போனதும் உனக்குத் தெரியும். அந்த ரோட்டுக்கே இனிப் போக வேண்டாம் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் அதற்கப்புறம்தான் அப்பா ஒரு மாதிரி ஆகிவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், வீட்டுக்குப் பின்னால் பெட்டி ரயில் போனால் எழுந்து போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லாமல் எங்கேயோ போனார். விடாமல் கேட்டதற்கு, "ஒவ்வொரு ட்ரிப்பும் அந்த எடத்துல வண்டிய ஓரங்கட்டி, டீ வாங்கி அவனுக்கும் ஊத்திட்டுத்தான் போவேன். இப்ப யாரும் போறதில்ல செல்லம்மா. அவன் ரோட்டப் பாத்துக்கினே நிக்கிறான்" என்றார். பஸ் பிடித்துப் போய் அங்கே நின்றுவிட்டு வருகிறாராம்.

ஆற்காட்டில் தாய் வீட்டோடு இருக்கும் சமத் பாயின் மனைவி முனவ்வர் பேகத்திடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "அண்ணா, நான் தெனம் துவா கேட்டு அவர அனுப்பிக்கினு இருக்கேன். நீங்க போய்ப் போய் கூப்ட்டா அவரு எப்டி கெளம்புவாரு? வுட்ருங்கண்ணா" என்றாள். அடக்கத்தின்போதுகூட அழாத அப்பா அவள் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த இடம் வந்தது. நல்ல பகல் வெளிச்சம். ரோட்டோரம் நின்ற ஒரு ஆள் பஸ்ஸைப் பார்த்துக் கை நீட்டினார், டிரைவர் நிறுத்தவில்லை, வேறு யாரும் கவனித்த மாதிரியும் இல்லை. பஸ்ஸுக்கு நின்ற யாரோவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஜன்னலைக் கடந்தபோது அவர் பார்த்தது பஸ்ஸை இல்லை பாரதி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை. வெயில் படுவதுபோல முந்தானையை இழுத்து அப்பா முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆம்பூர் வரைக்கும் எடுக்கவில்லை.

இப்போது அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், யார்டுக்குப் போய் வருகிறார், அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். போனில் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே. குழந்தையை ஏசி காற்றுக்கு நேராகப் படுக்க வைக்காதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது சென்னையிலிருந்து கார் பிடிக்க வேண்டாம் அம்மா, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ரயிலிலேயே வாருங்கள்.

உன் அம்மா
செல்லம்மாள்
ஆம்பூர்