குழாயடியில் கழுவிய பொட்டு

இன்று காலை தெமோதரை ஸ்டேஷன் குழாயைத் திறந்ததும் துரு வாடை அடித்தது. உடனே, என்னோடு கொழுந்து பறித்து வளர்ந்த உன் ஞாபகம். தீபாவளிக்கு உன்னைக் கூட்டிப்போக நான் வந்து நிற்பேன்; ரயிலை விட்டு இறங்கியதும் நீ முதலில் தேடுவது அந்தக் குழாயைத்தான். நெற்றியில் இருக்கும் பெரிய சிவப்புப் பொட்டைத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டுதான் தேயிலைத் தோட்டத்துக்கு நடப்பாய். தாலியறுத்தவள் பொட்டோடு வந்தால் லயத்தில் வரிசையாக இருக்கும் வீடெல்லாம் வாசலில் கூடிவிடும்.

கொழும்பில் உனக்குத் துணிக்கடையில் வேலை. அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஊரில் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் உன்னைக் குடைவேன். கடல், பஸ், கரண்டு விளக்கு என்று அளப்பாய் என்று பார்த்தால், நீ சொன்னது ஒன்றுதான்.

"அங்க யாரும் என் நெத்தியப் பாக்கிறதில்ல புள்ள. மூஞ்சியத்தான் பாக்கிறாங்க."

எனக்கு ஒப்பவில்லை. காய்ச்சலில் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று மல்லுக்கு நின்றேன். பக்கத்து அறைச் சிங்கள அக்கா கஞ்சி வைத்துக் கொடுப்பாள் என்றாய். நான் நம்பவில்லை.

காய்ச்சலில்தான் போய்ச் சேர்ந்தாய். சேதி சொல்ல அந்த அக்காதான் பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தாள். உன் பெயரில் இங்கே நாலைந்து பேர். எவள் என்று லயத்தில் கேட்டதற்கு, தெரிந்த அரைகுறைத் தமிழில், பெரிய சிவப்புப் பொட்டு வைத்தவள் என்றாளாம். அப்படி ஒருத்தி இந்தத் தோட்டத்திலேயே இல்லை என்று எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்று என் மகளைக் கொழும்புக்கு வேலைக்கு அந்த அக்காவிடம்தான் அனுப்பினேன். மருமகன் செத்ததிலிருந்து அவளும் வெறும் நெற்றியோடு லயத்துக்குள் அடைந்து கிடந்தாள். காலம் சரியில்லை, பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதே என்று அண்ணன் நேற்றும் கத்தினார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஸ்டேஷனில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில் வராமலே போனால் நல்லது என்றும் இருந்தது, வந்து தொலைந்தால் போதும் என்றும் இருந்தது.

வந்தது. அவள் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தீவாளிக்கு வர்றப்ப பொட்டோடயே வா. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டேன். அன்றைக்கு அத்தனை வாசலையும் தாண்டி அவளோடு நடக்க வேண்டியவள் நான்தான்.