படப்பலகையில் என் இடம்

அன்பு மகளே,

இங்கே ஆட்சி கவிழ்ந்த வருஷம் நீ சிட்னிக்குப் போனாய். பேச்சு வராத உன் மகள் காஜலின் முனகலுக்கு அன்றிலிருந்து எனக்கு மட்டுமே அர்த்தம் தெரியும். இப்போது பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒரு படப்பலகை கொடுத்திருக்கிறார்கள். காஜல் தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் பக்கத்து வீட்டு ருக்மணிகூட டம்ளரோடு ஓடி வருகிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

பலகையில் உன் போட்டோவும் உண்டு. காலையில் எழுந்ததும் அதைத்தான் தொடுகிறாள். என் படம் இல்லை.

"பக்கத்துலயே குந்திக்கினு இருக்கிற ஆளுக்குப் படம் எதுக்குக்கா?" என்று ருக்மணி சிரிக்கிறாள்.

நேற்று காஜல் உன் போட்டோவைத் தொட்டுவிட்டு விமானப் படத்தைத் தொட்டாள். அவளுக்கு விசா வந்ததாக எழுதியிருந்தாய், நான் பதிலே போடவில்லை. வந்து கூட்டிப் போ.

இதோடு என் போட்டோ வைத்திருக்கிறேன். அங்கே போனதும் பலகையில் ஒட்டு. இனி நீதானே அவள் பக்கத்தில் இருப்பாய், உன்னுடையதை மறைத்து அதன் மேலேயே ஒட்டு.

உன் அம்மா