ஐம்பத்தெட்டாம் எண் பருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இடுப்பு வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? இங்கே ஸ்காட்லாந்தில் நான் சுகம்.

ஆகஸ்டில் கூட்டைவிட்டுப் பறந்த செந்நிறப் பருந்து ஒன்றின் வாலில் நாங்கள் கட்டிய, இருப்பிடம் காட்டும் கருவி, மூன்று நாளாக ஒரே இடத்திலிருந்து ஒலித்தது. தேடிப் போய்ச் சதுப்பில் இறங்கிவிட்டேன். முழங்கால் வரைதான்; அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கருவியோடு ஒரு வாலிறகு மட்டும் கிடைத்தது.

"செத்துப்போச்சு, பதிவேட்டுல நம்பரை அடிச்சிரு" என்றார் மேலாளர் டூகல். எலும்பைப் பார்க்காமல் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அலுவலகத்துக்கு வேல்ஸிலிருந்து உங்கள் அஞ்சலட்டை வந்தது. இறக்கையில் நீல வில்லை, எண் 58, டிராக்டருக்குப் பின்னால் புழு பொறுக்கியது என்று எழுதியிருந்தீர்கள். அது என் பருந்து, அப்பா; வாலிறகுதான் உதிர்ந்திருக்கிறது, உயிர் போகவில்லை. அந்த வில்லையை மாட்டியதே நான்தான்.

டூகலுக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. "வேல்ஸ் வரைக்குமா? பெருசு தப்பாப் படிச்சிருக்கும்" என்றார்.

"அந்தப் பெருசு எங்கப்பா. எதிர் மலையில மேயுற ஆட்டோட காது வில்லையை வாசல்ல நின்னே படிப்பாரு" என்றேன்.

அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். 'பார்த்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். பக்கத்தில் அவரே 'நம்பகமானவர்' என்று எழுதினார். நான்கு வருடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் அப்படி எழுதியதில்லை.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். தபால் வண்டி வந்துவிட்டது. உங்கள் அட்டையில் எனக்கென்று ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் கோப்பில் வைக்காமல் என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் மகள்,
நெரிஸ்