கயிற்றைச் சட்டென்று விடாதீர்கள்

இன்று காலை சமயபுரத்தில் ஒரு வளையல்காரர் என் விரல்களைக் குவித்துப் பிடித்துப் பச்சை வளையலை ஏற்றப் போனார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டார், பாவம். வலியெல்லாம் இல்லை. மூன்று வாரமாகக் கண்ணாடி வளையலைப் பார்த்தாலே எனக்கு உன் கைதான் தெரிகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும்போது, "ஞாயித்துக்கிழமை வரேன், காப்பித் தூள் வாங்கி வை" என்று சொன்னவள் நீ. மறுநாள் காலையிலேயே துணி உலர்த்தும்போது சரிந்து விழுந்தவள் எழவே இல்லையாம் நீ. வாங்கி வைத்த தூளை இன்னும் பிரிக்கவில்லை. என் புத்திக்கு இது இன்னும் ஏறவே இல்லை.

திருச்சியில் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தபோது, காலனிப் பொங்கல் விளையாட்டில் ஆண்கள்தான் கயிறு இழுப்பார்கள். "இந்த வருஷம் நாமளும் இழுப்போம்" என்று ஆரம்பித்தது நீதான். லால்குடியில் பள்ளிக்கூடத்தில் இழுத்தவளாயிற்றே, யார் சொன்னால் கேட்பாய்? கிணற்றுக் கயிறு உள்ளங்கையை உரித்துவிடும் என்று பந்தல்காரரிடம் தடித்த சணல் கயிறு வாங்கி வந்து, பிரி விட்டிருக்கிறதா என்று முழுக்கத் தடவிப் பார்த்தாய். மைதானத்தில் வெறுங்காலோடு நடந்து கல்லையும் நெருஞ்சியையும் பொறுக்கினாய்.

"கையில சுத்திக்காதீங்க, இடுப்புல கட்டிக்காதீங்க. முடியலன்னா குரல் குடுங்க. சட்டுனு மட்டும் விட்டுடாதீங்க, மத்தவங்க விழுந்துடுவாங்க. நான் கையைத் தூக்கினா ரெண்டு பக்கமும் அப்படியே உக்காந்துடணும்." இழுக்கப் பழகியதைவிட நாங்கள் உட்காரப் பழகியதுதான் அதிகம். உட்கார்ந்தே ஜெயிக்கப் போகிறோமா என்று உன்னை நான் கேலி செய்தேன்.

போட்டியன்று எல்லாரும் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றபோது, "கண்ணாடி வளையலைக் கழட்டிட்டு வாங்க" என்றாய். நல்ல நாளும் அதுவுமாக, சுமங்கலிகளிடம் போய்ச் சொல்லுகிற வார்த்தையா அது?

"வெறுங்கையா நிக்கச் சொல்றியா?" என்றார் எதிர்வீட்டு ராஜம்மா அக்கா.

"கயித்தோட சேந்து நசுங்கினா கண்ணாடி நரம்புல இறங்கிடும்க்கா. மஞ்சக் கயிறு வச்சிருக்கேன். கட்டிக்குங்க, வெறுங்கை இல்ல."

ஒருத்தியும் அசையவில்லை. அப்போது நீ செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பகீர் என்கிறது. சோப்புத் தண்ணீரில் கையை முக்கி, உன் வளையல்களை ஒவ்வொன்றாக உருவினாய். முன்வரிசையில் உன் மாமியார், ஓரத்தில் உன் வீட்டுக்காரர். மாமியார் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, முடிச்சுப் போடச் சொல்லி என்னிடம் கையை நீட்டினாய். அந்தக் கை நடுங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் நான் கழற்றினேன். மற்றவர்களும் கழற்றினார்கள்.

ராஜம்மா அக்கா மட்டும் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டார். அது அப்போது யாருக்கும் தெரியாது. இழுத்த இழுப்பில் வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கி, கயிற்றோடு நசுங்கி உடைந்தன. துண்டு சிவந்ததை முதலில் பார்த்தது நீ. கையைத் தூக்கினாய். ஜெயிக்கிற வெறியில் இருந்த இரண்டு பக்கமும் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தோம். ஒருத்தி மேல் ஒருத்தி விழவில்லை. நீ உன் முந்தானையைக் கிழித்து அக்காவின் கையை இறுக்கிக் கட்டி, ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

நியாயமாக உன்னைக் கும்பிட்டிருக்க வேண்டும். காலனி என்ன சொல்லிற்று? வளையலைக் கழற்றச் சொன்ன வாய்தான் ரத்தம் கேட்டதாம். ராஜம்மா அக்காவும் தான் வளையலை ஒளித்ததை வெளியே சொல்லவில்லை. மறு வருஷம் பெண்களுக்குக் கோலப் போட்டி போதும் என்றார்கள். நீயும் லேசுப்பட்டவளா? அதன்பிறகு கண்ணாடி வளையலே போடவில்லை. கேட்டால், "அடுத்த பொங்கலுக்குக் கழட்டணுமே" என்பாய். ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோன பிறகும் அதே பதில்தான்.

அன்று ஸ்ரீரங்கத்தில் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலி என்று மஞ்சள், குங்குமம், பூ. முழங்கைவரை பச்சை வளையல் அடுக்கியிருந்தார்கள். அது உன் கையே இல்லை. அப்போதுதான் ராஜம்மா அக்கா உள்ளே வந்தார். உன் பக்கத்தில் உட்கார்ந்து வளையல்களை உருவ ஆரம்பித்தார். பெண்கள் பதறிப் போனார்கள்.

"சும்மா இருங்க" என்றார் அக்கா. தன் மணிக்கட்டுத் தழும்பை எல்லாரும் பார்க்கும்படி நீட்டினார். "இவ கழட்டச் சொன்னா. நான் ஒளிச்சு வச்சேன். பழிய இவ சுமந்தா. இப்பவாச்சும் இவ சொன்னபடி இருக்கட்டும்." மடியிலிருந்து மஞ்சள் கயிறு எடுத்து உன் மணிக்கட்டில் சுற்றினார். அந்தத் தழும்புக் கையால் முடிச்சுப் போட அவரால் முடியவில்லை. நான்தான் போட்டேன். இந்தத் தடவை உன் கை நடுங்கவில்லை.

அந்த முடிச்சு இன்னும் என் விரலிலேயே இருக்கிறது. முடியவில்லை என்றால் குரல் கொடுக்கச் சொன்னவள் நீதானே? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? இப்படிச் சட்டென்று விட்டுவிட்டாயேடி.