வாசல் வைக்காத ஊரும் மாமாவின் பாதி மீசையும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், சலூனும் நலம், உன் மாமாவின் மீசை மட்டும் நலமில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய கதைப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. முதல் பாகத்தில் விண்கலம் வெடித்து, தப்பியவர்கள் புதுக் கிரகத்தில் இறங்கினார்கள், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். இதில் என்னவென்றால், ஊரைச் சுற்றி மதில் கட்டிவிட்டு, வாசல் வைப்பதா வேண்டாமா என்று நூற்றெண்பது பக்கமாகக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். ஒரு கல்கூட நகரவில்லை. இதைப் போய் அனுப்பினாயே என்று முதலில் உன்மேல் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் பார்த்தால், கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே போய் மாற்றிப் பேசுகிறானே ஒருத்தன், அவன் அச்சு அசல் நம்மிடம் வாடகை வாங்குகிற கடைச் சொந்தக்காரர். அதிலிருந்து புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். தலையில் நாலே முடி உள்ள தபால்காரர் இந்த மாதம் மூன்று தடவை முடிவெட்ட வந்தார் என்றால் பார்த்துக்கொள்.

போன புதன்கிழமை மாமா சவரத்துக்கு வந்தார். நான் வாசல் வேண்டாம் என்ற கட்சி, வைத்தால் கண்டவனும் நுழைவான். அவரோ, வாசல் இல்லாட்டி அது ஊரா ஜெயிலா அத்தான் என்று ஒரே பிடி. பேச்சு வேகத்தில் கை ஆடிவிட்டது, ஒரு பக்க மீசை போய்விட்டது. துண்டை உதறிவிட்டுப் போனவர் நாலு நாள் எட்டிப் பார்க்கவில்லை. என் தம்பியை ஊர் சிரிக்க அனுப்பிட்டீங்களே என்று அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மாமா கடைக்கு வந்தார். அத்தான், யோசிச்சுப் பார்த்தேன், நீங்க சொன்னதுதான் சரி, வாசலே வேணாம் என்றார். நானோ நாலு நாளாக யோசித்து, அவர் சொன்னதே சரி என்று முடிவுக்கு வந்திருந்தேன். அதைச் சொன்னதும் சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது, முன்னைவிடச் சத்தமாக. சத்தம் நம் வீடு வரைக்கும் கேட்டு வந்த அம்மா, உங்க ரெண்டு பேருக்குமே இது கிடையாது என்று, நான் இன்னும் முடிக்காத புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது சமையலறையில் உட்கார்ந்து அவளே படிக்கிறாள். வாசல் வைத்தார்களா என்று கேட்டால் சிரிக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள். நானும் மாமாவும் கதவோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. யாரோடாவது வாதம் வந்தால் கையில் கத்தி இல்லாதபோது பேசு. நீ நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுது. வீட்டுக்கு வேண்டாம், கடை முகவரிக்குப் போடு.

உன் பதிலுக்காகத் தபால்காரரோடு சேர்ந்து காத்திருக்கும்
அப்பா